இறங்கி வருபவரின் சொல்

பருவதமலையில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இன்னும் எவ்ளோ தூரம் சாமி?" இறங்கி வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "தோ, கொஞ்ச தூரந்தான் சாமி. வந்துடுச்சி." அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தவரிடமும் இதைத்தான் சொல்கிறார்கள். படிகள் முடிந்து கரடுமுரடான பாறைப்பாதை தொடங்கும் இடத்தில் மூச்சிரைக்க நிற்பவரிடமும் இதைத்தான் சொல்கிறார்கள். கடப்பாறைப் படிக்குக் கீழே, பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பிகளை அண்ணாந்து பார்த்துக் கலங்கி நிற்பவரிடம் மட்டும்தான் அது உண்மை.

அந்தப் பதிலில் அன்பு இருக்கிறது. தூரத்தைக் கேட்கிறவர் உண்மையில் தூரத்தைக் கேட்பதில்லை. 'என்னால் முடியுமா?' என்று கேட்கிறார். 'முடியும், வா' என்று பதில் வருகிறது. முன்பின் தெரியாதவர், இனி ஒருமுறையும் பார்க்கப்போகாதவர், சாமி என்று அழைத்துச் சொல்கிற அந்த ஒரு சொல்லில் தளர்ந்த கால் மறுபடி எழுவதை நான் என் உடம்பிலேயே உணர்ந்திருக்கிறேன். ஏறத்தாழ 4,500 அடி உயர மலையை, செருப்பில்லாமலும் முன்பயிற்சி இல்லாமலும் வயலில் இருந்தும் நெசவில் இருந்தும் எழுந்து வந்த மக்கள் ஓர் இரவில் ஏறிவிடுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் சொல்லை நான் இப்போது சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதம். இரவில் ஏறி, மல்லிகார்ஜுனருக்கு என் கையாலேயே நீரூற்றிவிட்டு (அங்கே யாரும் தொட்டு வணங்கலாம்), விடிந்து நெடுநேரம் கழித்து இறங்கிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பாதி வழிக்குக் கீழே ஒரு பெரியவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பெண்ணுக்குப் பத்து வயது இருக்கலாம். அவர் தூரத்தைக் கேட்கவில்லை. "மேல தண்ணி கெடைக்குங்களா தம்பி?" என்று கேட்டார். சற்று முன்புதான் ஒரு கடையைக் கடந்து வந்திருந்தேன். கடைக்காரர் காலி கேன்களைக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அதைக் கண்ணால் பார்த்திருந்தும், பழக்கத்தில் என் வாய் "கெடைக்கும் ஐயா, மேல கடை இருக்கு, போங்க" என்று சொல்லிவிட்டது. அவரை உற்சாகப்படுத்துவதாக நினைத்தேன்.

அடிவாரத்தில் குளித்து, சாப்பிட்டு, பேருந்துக்காக மரத்தடியில் படுத்திருந்தபோது நான்கு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார். பிழைத்துவிட்டார். திண்ணையில் கிடத்தி, துணியை நனைத்து மார்பில் போட்டு, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எழுப்பினார்கள். பேத்தி பேசாமல் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து வந்ததும் ஏறி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மலைபடுகடாத்தை மறுபடி எடுத்தேன். பத்துப்பாட்டின் கடைசி நூல். உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் ஏற்றியபோது நமக்குத் திரும்பக் கிடைத்தவற்றுள் ஒன்று. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. கல்லூரியில் படித்தபோது அது நன்னன் என்ற வள்ளலின் புகழ் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நடுவயதில், அந்தப் பெரியவரின் முகம் மனதில் இருக்கும்போது படித்தால் வேறு நூலாகத் தெரிகிறது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒரு கூத்தன், எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்குத் தான் நடந்து வந்த மலைவழியின் நிலையைச் சொல்கிறான். இறங்கி வருகிறவன் ஏறப்போகிறவனுக்குச் சொல்வது. நூல் முழுக்க அதுதான்.

அந்த மலையின் பெயர் நவிரம். இன்றைய பருவதமலைதான் அது என்பது அறிஞர் பலர் கொள்கிற முடிவு. நன்னனின் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம். நூலில் வரும் சேயாறு இன்றும் செய்யாறாக அந்த வட்டாரத்தில்தான் ஓடுகிறது. பெரும்பாலான மாதங்களில் மணலாக. நான் பொய் சொன்ன அதே மலையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கூத்தன் உண்மை சொல்லியிருக்கிறான்.

அவன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். தினைக்கொல்லையில் பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், ஆகவே இருட்டில் போகாதே, விடிந்த பின் போ. குழிகளில் பாம்பு மறைந்திருக்கும் இடம் உண்டு. யானையை விரட்டப் பரண் மேலிருந்து கவண்கல் வீசுவார்கள், அது மரங்களில் பட்டுத் தெறித்து வரும். மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ. பாசி படிந்து வழுக்கும் இடம் உண்டு, மூங்கில் கோலைப் பிடித்துக்கொள். இரவானால் குகையில் தங்கு. இன்ன ஊரில் இன்னார் வீட்டில் சோறு கிடைக்கும், இப்படிச் சொல்லிக் கேள். நன்னனின் பெருமையையும் சொல்கிறான். ஆனால் 'கொஞ்ச தூரந்தான்' என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. வழி கடினமானது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அந்தக் கடினத்தைக் கடக்கும் வகையையும் சேர்த்துச் சொல்கிறான். கேட்பவனைக் குழந்தையாக நடத்தாத அன்பு அது.

அதில் ஓரிடம் என்னை விட்டுப் போவதே இல்லை. காட்டில் வழிகள் பிரியும் கவலைகள் வரும். (கவலை என்றால் அன்று கிளைவழி. இன்று மனத்துயருக்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். எந்த வழி என்று தெரியாமல் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.) அந்த இடத்துக்கு வந்தால், வழி இது என்று நீ கண்டுகொண்ட பிறகு, அந்தச் சந்தியைச் சுத்தப்படுத்தி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ என்கிறான் கூத்தன். யாருக்காக? பின்னால் வரப்போகிற, அந்த நிலத்தை அறியாத புதியவர்களுக்காக. அவர்கள் யார் என்று இவனுக்கும் தெரியாது, புல் முடியப்போகிறவனுக்கும் தெரியாது.

தமிழில் ஆறு என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். வழி சொல்வதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்ட மொழியில் பிறந்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டவருக்கு நான் என்ன சொன்னேன்?

மலையேறும் காலம் என்று நாம் கொண்டிருக்கிற காலத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குளிர்நாடுகளில் பனி உருகி வழி திறப்பது வசந்தம். இங்கே நிலைமை நேர்மாறு. மாசியில் சிவராத்திரி, பங்குனியில் உத்திரம், சித்திரையில் பௌர்ணமி என்று மலைத்திருவிழாக்கள் அடுத்தடுத்து வருகிற மூன்று மாதமும் மலை வறண்டு கிடக்கிற மாதங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் தையோடு போய்விடும். கோடைமழை வந்தால் சித்திரையில் வரும், வராமலும் போகும். இடையில் சுனைகள் வற்றுகின்றன, புல் வைக்கோலாகிறது, இலையுதிர்த்த காட்டில் நிழல் இல்லை. பழைய இலக்கண நூல்கள் பாலைக்கு வகுத்த பொழுதும் இதுதான்: வேனிலும் பின்பனியும், அதில் நண்பகல். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் வற்றித் திரிந்தால் பாலையாகிவிடும் என்ற எண்ணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பாலை என்பது நிலத்தின் பெயரல்ல, நிலத்தின் நிலை. கார்த்திகையில் பச்சையாகப் பார்த்த அதே மலைவழி பங்குனியில் வேறொரு திணை. போன முறை ஏறினேன், வழி தெரியும் என்று சொல்கிறவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வழி தெரியும், நிலை தெரியாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொழுக்குமலையில் இருந்து குரங்கணியை நோக்கி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அதிலும் பெண்கள் நிறைய. மாசிக் கடைசி. நண்பகல் தாண்டிய வேளை. ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல்லில் தீ பற்றியது. அன்றும் அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். யார் பிழை என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல வருவது தீயைப் பற்றி.

சமவெளியில் தீயை விட்டு ஓடிவிடலாம் என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. மலைச்சரிவில் அது நடக்காது. சரிவில் மேல்நோக்கிச் சாய்கிற சுவாலை, தனக்கு மேலே உள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. அதனால் தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் கணக்கு. மேலே ஓடுகிறவரைத் தீ முந்திவிடும். பள்ளத்துக்குள் இறங்கினால் தப்பலாம் என்று தோன்றும். ஆனால் இரு பக்கமும் சரிவு நெருங்கிய ஓடைப்பள்ளம் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அனல் அதன் வழியாகத்தான் ஏறும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ, புல்லில்லாத வெறும் பாறையோதான் புகலிடம். மலையடிவாரத்தில் மாடு மேய்க்கிற சிறுவனுக்கு இது தெரியும். நகரத்தில் இருந்து வாரக்கடைசிக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புகையைக் கண்டு முதலில் மேலே ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். போர்வைகளைக் கட்டித் தூளியாக்கி அவர்கள் சுமந்து வந்தார்கள். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சந்தித்தது தீ பற்றிய பிறகு. காலையில் சந்தித்து ஒரு வார்த்தை பேசியிருந்தால், 'இந்தப் புல்லுக்குள்ள இந்த மாசத்துல போகாதீங்க' என்று ஒருவர் சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

பின்வருபவருக்கு வழி காட்ட முடிந்து வைக்கச் சொன்ன அதே புல்தான் அங்கே எரிந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களைத் தெரிந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும் போகும்படி ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி மக்கள், அடிவார ஊர்களின் இளைஞர்கள். தீக்காலம் வந்தால் தடங்களை மூடிவிடுகிறார்கள். முன்பதிவு செய்ய நினைத்தவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. என் நண்பர்களே கோபப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அது மிகச் சரியான காரியமாகப் படுகிறது. 'இப்போது வராதே' என்பதும் வழியின் நிலையைச் சொல்வதுதான்.

ஆனால் சாமி மலைகளை அப்படி மூடிவிட முடியாது. திருவிழாவே அந்த மாதத்தில்தான். ஆகவே அங்கே வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது. சில இடங்களில் தேடியும் இருக்கிறார்கள். கூடலூருக்கு மேலே, தமிழக-கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில். பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் இருக்கிறது. ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் மக்கள் போகலாம். குமுளியில் இருந்து ஜீப்பில் போகலாம், பளியங்குடியில் இருந்து காட்டுவழியே ஏறியும் போகலாம். எல்லை பற்றிய வழக்காடல் பழையது, இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன் தேனி, இடுக்கி இரு மாவட்ட ஆட்சியர்களும் இரு பக்கத்து வனத்துறையும் காவல்துறையும் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கே தண்ணீர் வைப்பது, எங்கே மருத்துவர் இருப்பது, எத்தனை மணிக்குப் பிறகு யாரையும் ஏறவிடக் கூடாது என்று முடிவாகிறது. பிளாஸ்டிக் கூடாது. மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்; இரவில் அந்தக் காடு அதற்கு உரியவற்றிடம் திரும்பிவிடும். நீதி கேட்டு வழி நடந்த ஒருத்தியின் பெயரால் இரண்டு மாநிலங்கள் ஒரு காட்டுவழியின் நிலையைப் பற்றி ஒப்புக்கொள்கின்றன. எத்தனையோ விஷயங்களில் ஒப்புக்கொள்ளாத இரண்டு மாநிலங்கள்.

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் நான் கேட்ட பேச்சும் இங்கே சொல்லத் தகுந்தது. நொய்யல் பிறக்கிற மலைகள் அவை. பிப்ரவரி தொடங்கி மே வரை பூண்டி அடிவாரத்தில் இருந்து ஏழு மலை ஏற வழி திறக்கிறார்கள். இருதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தும், ஒவ்வொரு பருவத்திலும் மூச்சடைத்து இறக்கிறவர்களின் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கையில் மூங்கில் தடி இல்லாமல் அங்கே யாரும் ஏறுவதில்லை. அது ஏற்றத்துக்கு உதவுவதைவிட இறக்கத்தில் முழங்காலைக் காப்பதுதான் அதிகம். ஐந்தாவது மலை தாண்டி நள்ளிரவில் நின்றபோது, எதிரே இறங்கி வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் நான் கேட்காமலே நின்றார். "மேல காத்து சாஸ்தியா இருக்குதுங்க. போர்வ வெச்சிருக்கீங்களா? இல்லீன்னா ஏழாவது மலையில ஒக்காராதீங்க, கும்புட்டதும் எறங்கீருங்க." அவ்வளவுதான். தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் போர்வை இல்லை. உச்சியில் உட்கார்ந்து விடியலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வந்திருந்தேன். அவர் சொன்னபடி கும்பிட்டதும் இறங்கினேன். ஆறாவது மலையின் சரிவில், காற்று படாத ஒரு பாறை மறைவில், நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை மற்றவர்கள் நடுவில் உட்காரவைத்துச் சூடு ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அவர் மலைபடுகடாம் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

சென்ற சித்திரையில் பருவதமலைக்கு மறுபடி போனேன். பௌர்ணமி நிலவில் பாதை பால்போல் தெரிந்தது. பாறைகளில் பகலின் சூடு நள்ளிரவுக்குப் பிறகும் ஆறவில்லை. வழியில் ஒரு சிறு கூட்டம் பெரிய அண்டாவில் நீர்மோர் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அடிவாரத்து ஊர்க்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது. காசு வாங்கவில்லை. அவர்களில் ஒரு அம்மா ஒவ்வொருவருக்கும் குவளையைக் கொடுத்தபடியே ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதுக்கு மேல தண்ணி இல்ல சாமி, நல்லா குடிச்சிட்டு பாட்டில்லயும் ரொப்பிக்கினு போங்க." ஐந்நூறு பேருக்கு ஐந்நூறு முறை சொல்லியிருப்பார். நான் குடித்தேன், நிரப்பிக்கொண்டேன். விடியும் முன் இறங்கத் தொடங்கியபோது எதிரே வந்தவர்கள் வழக்கம்போல் தூரம் கேட்டார்கள். நின்று சொன்னேன். நான் இங்கிருந்து உச்சிக்கு ஏற இரண்டு மணி நேரம் ஆயிற்று என்றும், தண்ணீர் கீழே அந்த அம்மாவிடம்தான் என்றும், கம்பிப் படியில் ஒரு பக்கம் வழுக்குகிறது என்றும். சிலர் முகம் வாடினார்கள். ஒருவர் மட்டும் யோசித்து, கூட வந்த தன் தாயைப் பக்கத்து மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக ஏறினார். அந்தத் தாய் மண்டபத்தில் இருந்தபடியே உச்சியை நோக்கிக் கும்பிட்டார்.

இந்தப் பருவத்தில் மலையேறப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இறங்கும்போது யாராவது வழி கேட்டால் நில்லுங்கள். கடைசியாகத் தண்ணீரைக் கண்ட இடம், காற்று எப்படி, யானைச் சாணம் புதிதாகக் கிடந்ததா, எந்தப் பக்கம் புகை தெரிந்தது, உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று: இவற்றைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்பவர் முதியவராக இருந்தால், கையில் குழந்தை இருந்தால், உங்கள் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். உங்களுக்கு அடிவாரம் பக்கம்.